காப்பு அவிழாத தோட்டம்

உங்கள் கைபேசிக்கு இப்போது வாரத்துக்கு எத்தனை பிள்ளையார் வருகிறார் என்று எனக்குத் தெரியாது. நான் பத்திரிகையில் 'சமயம், சமூகம்' பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருவராவது வந்துவிடுவார். பூசணிக்காயில் வருவார், மரவள்ளிக் கிழங்கில் வருவார், ஒருமுறை சுங்கை ஆயர் தாவாரில் ஒரு கார் பட்டறைச் சுவரில் எண்ணெய்க் கறையாக வந்தார். அனுப்புகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். "சார், உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன், வேற எந்தப் பேப்பருக்கும் தெரியாது." அதே வரியை நம் போட்டிப் பத்திரிகைக்காரருக்கும் அனுப்பியிருப்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். தங்கள் ஊர் பேப்பரில் வரவேண்டும் என்ற அந்த ஆசையில்தான் நம் பக்கம் இத்தனை வருடம் ஓடியது.

ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னால், பேட்டி எடுப்பது எப்படி, தலைப்பு வைப்பது எப்படி என்று ஆரம்பிப்பேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் மேசையில் உட்கார்ந்தால் தானாக வந்துவிடும். எனக்கு முன் இந்தப் பக்கத்தைப் பார்த்தவர் பெரிய கோபக்காரர். அவர் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "செய்தியோட வர்றவன் நெசம் சொல்றானா பொய் சொல்றானான்னு சாயங்காலம் பாத்துக்கலாம். மொதல்ல, இது அச்சாயிட்டா நாளைக்கு யாரு வீட்டுல சோறு எறங்காதுன்னு பாரு." அதைச் சொல்லிவிட்டு என் கட்டுரையைக் குப்பைக் கூடையில் போட்டார். அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அந்தப் பேச்சை எடைபோட்டுப் பார்க்க வேண்டிய நாள் எனக்கு ஓய்வு பெறும் சமயத்தில்தான் வந்தது. தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். மற்றது எல்லாம் நடந்தபடிதான்.

சரளா எனக்கு அனுப்பியது படம் இல்லை, குரல் பதிவு. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண், அங்கேயே வாடகை வீட்டில் இருந்தாள். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது. "சார், நான் ஈஜோக் பக்கத்துத் தோட்டத்துப் பொண்ணு. எங்க தோட்டத்துல மாரியம்மன் திருவிழா நடந்துகிட்டு இருக்கு. நீங்க கண்டிப்பா வந்து பாக்கணும்." திருவிழா அழைப்பு என்றால் நான் 'வாழ்த்துகள்' என்று போட்டுவிட்டு மறந்துவிடுவேன். ஆனால் அப்போது ஐப்பசி மாதம். ஐப்பசியில் யார் மாரியம்மனுக்குத் திருவிழா எடுக்கிறார்கள்? எப்போது தொடங்கியது என்று கேட்டேன். உடனே பதில் வந்தது. "எம்சிஓ போட்டாங்கள்ல, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

கோவிட் காலத்து நடமாட்டக் கட்டுப்பாட்டைச் சொல்கிறாள். அது போட்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நகரத்தில் வளர்ந்தவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துத் திருவிழா காப்புக் கட்டில் ஆரம்பிக்கும். பூசாரி முதலில் தோட்டத்தின் எல்லை நெடுக வேப்பிலை கட்டுவார். பிறகு அம்மன் கையிலும் தன் கையிலும் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார். அந்த நேரத்தில் எல்லைக்குள் இருந்தவர்கள் காப்பு அவிழ்க்கும் வரை வெளியே போகலாம், வரலாம். ஆனால் இரவு வெளியே படுக்கக் கூடாது. வீட்டில் கறி மீன் கிடையாது, தாளிப்பு கிடையாது, முடி வெட்டக் கூடாது, கல்யாணம் பேசக் கூடாது. திருவிழா முடிந்ததும் அம்மனை மலையேற்றி, கட்டிய கையே காப்பை அவிழ்க்கும். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் சமாச்சாரம்.

அந்தத் தோட்டத்தில் காப்புக் கட்டியாயிற்று. எம்சிஓ வந்தது, கூட்டம் கூடக் கூடாது என்று திருவிழா நின்றது. கொஞ்ச நாளில் பூசாரிக்குக் காய்ச்சல் கண்டது, ஆஸ்பத்திரி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அவர் திரும்பி வரவில்லை. உடலை யாரும் பார்க்கவில்லை, நேரே தகனம் செய்துவிட்டார்கள். அவர் கையில் இருந்த கயிறும் அவரோடு போயிற்று. அம்மன் கையில் கயிறு அப்படியே இருந்தது, அவிழ்க்கக் கை இல்லை.

நான் போனது நல்ல உச்சி வெயிலில். செம்பனைக்கு நடுவே செம்மண் சடக்குப் பாதை, அதன் முடிவில் நான்கைந்து வரிசை லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். காரை நிறுத்திவிட்டு நடந்தேன். ஏதோ குறைகிறது என்று தெரிந்தது, என்ன என்று உடனே பிடிபடவில்லை. பகல் சாப்பாட்டு நேரத்தில் லயத்து வாசலில் நடந்தால் ஒவ்வொரு வீட்டிலும் கடுகு வெடிக்கும் வாசம் மூக்கில் ஏறும். இங்கே அடுப்பு எரிந்தது, புகை வந்தது, வாசம் மட்டும் இல்லை. வாசலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லாருக்கும் தாடி மார்பு வரை இருந்தது. அவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள், எழுந்திருக்கவில்லை. எல்லையில் இருந்த ஒவ்வொரு மரத்திலும் வேப்பிலை கட்டியிருந்தது. இரண்டு வருடத்து வேப்பிலை சருகாகியிருக்க வேண்டும், இது அன்று பறித்த பச்சை. வாடினால் உடனே மாற்றிக் கட்டுகிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்தக் கணத்தில் தெரியவில்லை. எனக்குக் கை மயிர் சிலிர்த்தது, அதை மறைப்பானேன்.

கோயில் தலைவர் காளிமுத்து என்னை உள்ளே அழைத்துப் போனார். எழுபது வயதிருக்கும், முன்பு மண்டோராக இருந்தவர், வேலையாட்களை அதட்டிப் பழகிய குரல் இன்னும் அப்படியே இருந்தது. அம்மன் சின்னச் சிலைதான். கையில் இருந்த கயிற்றைக் காட்டினார். மஞ்சள் மங்கவில்லை, இன்று காலை அரைத்துப் பூசியது போல இருந்தது. "புதுசா மஞ்சள் தடவுனீங்களா?" என்றேன். "யாரும் தொடல சார். தொட யாருக்குத் தைரியம் இருக்கு?" என்றார்.

வெளியே படுத்தவர் யாராவது உண்டா என்று கேட்டேன். ஒருவர் சுங்கை செம்பிலாங்கில் மகள் வீட்டுக்குப் போனாராம். மழை பிடித்துக்கொண்டது, திரும்ப முடியாமல் அங்கேயே படுத்துவிட்டார். காலையில் எழுந்திருக்கவில்லை. அதை எனக்கு நாலு பேர் நாலு முறை சொன்னார்கள். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன இன்னொருவர் அங்கே நன்றாகத்தான் இருக்கிறார். அவரைப் பற்றி நான் தோண்டித் தோண்டிக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள், அதுவும் ஒரே வரியில்.

சரளாவின் அம்மா பார்வதியம்மாள் கடைசி லயத்தில் இருந்தார். மார்பில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்கு ஒரு நாள் கொடுத்தார்கள், இவர் போகவில்லை. இரண்டாவது நாள் கொடுத்திருந்தார்கள். இதையும் விட்டால் பிறகு அறுத்தும் பயனில்லை என்று டாக்டர் சரளாவிடம் சொல்லிவிட்டார். பகலில் எத்தனை முறை கூப்பிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவார். படுக்கச் சொன்னால்தான் மாட்டேன் என்கிறார்.

சரளா என்ன கேட்கிறாள் என்று இப்போது புரிந்திருக்கும். காப்புக் கட்டிய அன்று அவள் ரவாங்கில் இருந்தாள், அவளுக்கு இந்தக் கட்டு கிடையாது. "சார், போட்டோவோட போடுங்க. மூடநம்பிக்கைல ஒரு பொம்பளய சாகடிக்கிறாங்கன்னு போடுங்க. நாடே காறித் துப்புனா வெக்கப்பட்டு அவுத்துருவாங்க. நீங்க போடலனா டிக்டாக்ல ஒருத்தர் இருக்காரு, அவருகிட்ட குடுத்துருவேன்." அவள் அழவில்லை. அழுது முடித்தவளின் பேச்சு அது.

அம்மாவிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை, அதனால் நான் கேட்டேன். "செத்துருவோம்னு பயமா இல்லையா பார்வதியம்மா?"

"இருக்குண்ணே. யாருக்குத்தான் இருக்காது" என்றார். "நான் வெளிய படுத்து எனக்கு ஒன்னு ஆனா அது என்னோட போச்சு. நான் வெளிய படுத்த அன்னிக்கு இங்க யாரு வீட்டுப் புள்ளைக்காச்சும் காச்சல் கண்டுச்சுன்னா? எல்லாரும் என் வாசலத்தான் பாப்பாங்க. நான் எப்படிண்ணே திரும்பி வந்து இந்த லயத்துல நடப்பேன்?" சொல்லிவிட்டு எனக்குத் தேநீர் ஊற்றினார்.

கிளம்பும்போது காளிமுத்து கார் வரைக்கும் வந்தார். அவரும் செய்தி கொடுக்கத்தான் வந்தார். "நல்லா பெரிசா போடுங்க சார். காப்புக் கட்டுனதுலேர்ந்து இந்தத் தோட்டத்துல பூசாரியத் தவிர ஒருத்தருக்கும் அந்த நோய் வரல. ஆத்தா காவல் காக்குறா. கம்பெனிக்காரவுங்க படிக்கணும்." கம்பெனி எங்கே வந்தது என்று கேட்டேன். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்கப்போகிறார்கள், லயத்தைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். "மேனேஜரு நல்ல மனுசன். திருவிழா முடியட்டும், அப்பறம் காலி பண்ணிக்கலாம்னு வாய் வார்த்தையா சொல்லிருக்காரு. சாமி காரியத்துல கை வைக்க மாட்டாரு." இதைச் சொன்னபோது அவர் வாயோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது.

அந்தச் சிரிப்பு எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. திருவிழா முடியாத வரை வீடுகள் நிற்கும். இந்த மனிதருக்குக் காப்பு அவிழக் கூடாது.

அலுவலகத்தில் செய்தி ஆசிரியர் துள்ளினார். ஞாயிறு மலரின் நடுப்பக்கம் முழுவதையும் ஒதுக்கிவிட்டார், 'முடியாத திருவிழா' என்று தலைப்பையும் அவரே வைத்துவிட்டார். அப்படி ஒரு கதை என் வாழ்நாளில் இரண்டு முறை வராது என்று எனக்கும் தெரியும். நான் மேசையில் உட்கார்ந்து இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். சரளா கேட்டபடி போட்டால் ஊர் சிரிக்கும், யாரோ அதிகாரி வருவார், கயிற்றை அறுப்பார்கள். பார்வதியம்மாளால்தான் வந்தது என்று அந்த லயம் முழுக்கச் சொல்லும், அந்த அம்மாள் அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகவே மாட்டார். காளிமுத்து கேட்டபடி போட்டால் பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வரும், காப்பு இன்னும் இறுகும். எப்படிப் போட்டாலும் அறுவை நாள் தப்பிவிடும். இரண்டு பேரும் ஒரே செய்தியைத்தான் கொண்டுவந்தார்கள், இரண்டிலும் சாகப்போவது அந்த அம்மாள்தான்.

ஒரு வாரம் பொறுக்கும்படி ஆசிரியரிடம் கேட்டேன். கத்தினார். கிழவனுக்கு வேலை மறந்துவிட்டது என்று என் காதுபடவே சொன்னார். சரளாவிடம் அந்த டிக்டாக் ஆளை வெள்ளிக்கிழமை வரை நிறுத்திவை என்றேன். அவளும் கத்தினாள். பத்திரிகைக்காரன் இரண்டு பக்கமும் திட்டு வாங்கினால் சரியான இடத்தில் நிற்கிறான் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள், தப்பான இடத்தில் நின்றாலும் இரண்டு பக்கமும் திட்டுவார்கள்.

வெள்ளிக்கிழமைப் பகல் பூசைக்கு மறுபடி போனேன். சரளாவும் வந்திருந்தாள். பேப்பர்காரனைக் கூட்டிவந்தவள் என்று அவள் மேல் எல்லாருக்கும் கோபம், அதனால் உள்ளே வராமல் கோயிலின் பக்கச் சுவரோரம், பூச்செடிகள் பக்கமாக நின்றாள். உள்ளே பெண்கள் கூட்டம். நான் குறிப்பெடுப்பது போலக் காளிமுத்துவிடம் கேட்டேன். "தலைவரே, எல்லை எது வரைக்கும்?"

"இப்ப அந்த அல்லூர் வரைக்கும்" என்று லயத்துக்குப் பின்னால் ஓடும் கால்வாயைக் காட்டினார். "முன்ன சடக்குக்கு அந்தாண்ட பழைய பள்ளிக்கூடம் வரைக்கும் இருந்துச்சு. அந்தத் துண்ட வித்துட்டாங்க. அப்ப எல்லைய உள்ள இழுத்துக் கட்டிக்கிட்டோம்."

"உள்ள இழுக்கலாம்னா, வெளிய தள்ளவும் செய்யலாமா?"

கேள்வி கேட்பது நம் தொழில். ஆனால் அத்தனை பெண்கள் காதில் விழும்படி கேட்டேன், அதை வேண்டுமென்றேதான் செய்தேன். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையில் இருந்து ஒரு அம்மாள், "ஏன் தள்ளக் கூடாது? ஆஸ்பத்திரி வரைக்கும் வேப்பிலை கட்டிட்டா பார்வதி எல்லைக்குள்ளதானே படுத்துருப்பா" என்றார். இன்னொருத்தி, "அதானே" என்றாள். இத்தனை நாளாக அந்தப் பெண்களும் பார்வதியை எப்படி அனுப்புவது என்று தெரியாமல் தவித்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரே நேரத்தில் எல்லாரும் பேசினார்கள்.

காளிமுத்துவின் முகம் இறுகிவிட்டது. எல்லை ஒருமுறை நகர்ந்தால் பிறகு திருவிழாவையே முடித்துவிடலாம் என்று பேச்சு வரும். அவருக்குத் தெரியும். "நம்ம இஷ்டத்துக்கு நீட்டிப் பிடிக்க இது என்ன கொடிக்கயிறா? ஆத்தாகிட்ட பூ கேப்போம். வெள்ளை வந்தா போகட்டும். செவப்பு வந்தா யாரும் மறுபேச்சு பேசக் கூடாது" என்றார். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

அவர் வெளியே போய்ப் பக்கத்துச் செடிகளில் பூப் பறித்து, வெற்றிலையில் வைத்து மடித்து, வாழைநாரால் கட்டி இரண்டு பொட்டலம் கொண்டுவந்தார். ஒன்று போலவே இன்னொன்றும் இருந்தது. தட்டில் வைத்து என் முன்னால் நீட்டினார். "நீங்க வெளியாளு சார், உங்களுக்கு ஒரு பக்கமும் இல்ல. நீங்க எடுங்க."

மாட்டேன் என்றேன். செய்தி சேகரிக்கப் போனவன் செய்திக்குள் கையை விட்டால் பிறகு அந்தக் கை அங்கேயே மாட்டிக்கொள்ளும். உங்களிடமும் ஒருநாள் இப்படி ஒரு தட்டை நீட்டுவார்கள், எவ்வளவு மரியாதையாக நீட்டினாலும் எடுக்காதீர்கள். "அப்ப தீவாராதனை முடியிற வரைக்கும் தட்டையாவது பிடிங்க" என்றார். அதை மறுக்க முடியவில்லை, பிடித்தேன்.

சூடம் ஏற்றினார்கள். மேளம் இல்லை, ஒரு மணி மட்டும். எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். எல்லாரும் கண்ணை மூடும் இடத்தில் நிருபன் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது எனக்கு ஊறிப்போன பழக்கம், நான் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. வெற்றிலை இரண்டும் அசையாமல் கிடந்தன. வேப்பிலை வாசம் திடீரென்று மிகுந்தது, யாரோ பக்கத்தில் கசக்கினது போல. தட்டு கொஞ்சம் கனத்தது. கை வலி என்று வைத்துக்கொள்ளுங்கள், நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

"நானே எடுக்குறேன். என் ஒடம்புதானே" என்று பார்வதியம்மாள் முன்னால் வந்தார். ஒன்றை எடுத்துக் காளிமுத்துவிடம் கொடுத்தார். அவர் நாரை அவிழ்த்தார். நந்தியாவட்டை, வெள்ளை வெளேரென்று இருந்தது.

பெண்கள் குலவையிட்டார்கள். காளிமுத்து பூவைப் பார்த்தபடியே நின்றார், நெடுநேரம் நின்றார். தோற்றுப்போன கோபம் என்று நினைத்தேன். மற்றப் பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓடுகிற தண்ணீரில் விடுவது வழக்கம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் தனியாக அல்லூர் பக்கம் போனார்.

அறுவைக்கு முந்தின நாள் ஒரு வேனில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி, தென்பட்ட மரத்திலும் கம்பத்திலும் வேப்பிலை கட்டிக்கொண்டே போனார்கள். ஆஸ்பத்திரி வாசல் மரத்தில் கட்டும்போது காவலர் வந்து என்ன என்று மலாயில் கேட்டார். காளிமுத்து "உபாட்" என்றார், மருந்து என்று. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஒரு கொத்து பார்வதியம்மாளின் தலையணைக்கு அடியிலும் போனது. அறுவை நல்லபடியாக முடிந்தது. தோட்டத்தில் யார் வீட்டுப் பிள்ளைக்கும் காய்ச்சல் காணவில்லை.

நான் கட்டுரையை எழுதவில்லை. ஆசிரியருக்கு நான் சொன்ன காரணம் அவருக்குப் பிடிக்கவில்லை, கொஞ்ச நாளில் எனக்கு ஓய்வு வந்ததால் அவர் கோபம் அதோடு போயிற்று. ஒரு மனுஷி பிழைத்துவிட்டாள், பக்கத்துக்கு வேறு ஏதோ போட்டு நிரப்பினார்கள். இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

பார்வதியம்மாள் வார்டில் இருந்தபோதே ஒரு காலையில் காளிமுத்து கூப்பிட்டார். நான் கோலசிலாங்கூரில் ஒரு கடையில் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமான அதட்டல் குரல் இல்லை. "சார், ஒன்னு கேக்கணும். மறைக்காம சொல்லுங்க. தட்டு உங்க கையில இருந்தப்ப நீங்க எதாச்சும் மாத்துனீங்களா?"

"எதை?"

"பூவ சார். நான் ரெண்டுலயும் செவப்புத்தான் வச்சேன். ரெண்டுலயும் செம்பருத்தி. எங்கையாலதான் வச்சுக் கட்டுனேன்."

நான் மாற்றவில்லை என்றேன். "தண்ணில விடுறதுக்கு முன்னாடி இன்னொன்னப் பிரிச்சுப் பாத்தேன். அது செவப்பாத்தான் இருந்துச்சு" என்றார். பிறகு, "இத்தன நாளா ஆத்தாள வச்சு நான்தான் காரியம் பாக்குறேன்னு நெனச்சேன் சார். வீடுங்களுக்காக அந்தப் பொம்பள போனாலும் போகட்டும்னு நெனச்சிட்டேன். அவ என்னையே பாத்துக்கிட்டு இருந்திருக்கா" என்றார். எழுபது வயது மனிதர் போனில் அழுதார். எனக்கும் ரொட்டி இறங்கவில்லை.

அதற்குப் பிறகு, கட்டிய கை இல்லாவிட்டால் அதே ரத்தம் அவிழ்க்கலாம் என்று அவரே முன்னின்று, அதுவரை தேடாமலே விட்டிருந்த பூசாரியின் தங்கை மகனைத் தேடிப் பிடித்துவந்து காப்பை அவிழ்க்க வைத்தார். அம்மனை மலையேற்றினார்கள். கம்பெனி மாற்று வீடு கொடுத்தது, எல்லாரும் அங்கே குடிபோய்விட்டார்கள். பார்வதியம்மாள் ரவாங்கில் மகளோடு இருக்கிறார்.

அந்தப் போனுக்குப் பிறகு நான் என்னவோ ஏதோவென்று குழம்பவில்லை. நாற்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன், எண்ணெய்க் கறைப் பிள்ளையாரை எல்லாம் பார்த்தவன். இது சரளாவின் வேலை என்று முடிவு கட்டினேன். பக்கச் சுவரோரம் நின்றவள் அவள்தான். காளிமுத்து பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு நார் கிழிக்கும் நேரத்தில் ஒன்றை மாற்றியிருப்பாள். கெட்டிக்காரப் பெண், தாயைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் செய்திருக்கிறாள். அவளிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தெரிந்த பதிலை யார் கேட்பார்கள். அதை நினைத்து எத்தனையோ நாள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

போன மாதம் பார்வதியம்மாள் சாப்பிடக் கூப்பிட்டார் என்று ரவாங் போனேன். அடுக்குமாடி வீடு. முடி திரும்ப வளர்ந்து, உடம்பு தேறி, நன்றாக இருந்தார். பேச்சும் சிரிப்புமாகச் சாப்பிட்டோம். கிளம்பும்போது சரளா லிஃப்ட் வரைக்கும் கூட வந்தாள். அம்மா வீட்டுக் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சரளா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சார், ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். அன்னிக்கு நான் வெளிய நின்னேன்ல, தலைவர் ரெண்டு வெத்தலையிலயும் செவப்புப் பூவ வக்கிறத என் கண்ணால பாத்தேன். நார் கட்டி முடிச்சு அவர் கையிலயே வச்சிருந்தாரு, கீழ வைக்கவே இல்ல. கத்தலாம்னு உள்ள ஓடிவந்தேன். அதுக்குள்ள தட்டு உங்க கைக்கு வந்துருச்சு. எல்லாரும் கண்ண மூடிக்கிட்டாங்க, நீங்க மட்டும் தட்டையே பாத்துக்கிட்டு நின்னீங்க. அப்பவே புரிஞ்சிகிட்டேன் லா. எப்படி மாத்துனீங்கன்னு நான் கேக்க மாட்டேன். எங்கம்மா உசிரு நீங்க குடுத்தது."

நான் மாத்தலம்மா என்று வாய்வரை வந்தது. கதவில் பார்வதியம்மாள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "அம்மாவ நல்லா பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போனேன். கதவு மூடியது. எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன் என்பது, மறுபடி கதவு திறந்து சரளா உள்ளே எட்டிப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.